திரைக்குப் பின்னால் இரண்டு முறை

போன வாரம் முழங்கால் வலிக்காகக் கோரிமேட்டு ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நோயாளி வெளியே வந்ததும் கதவருகில் நின்ற ஆள், "பாத்தாச்சு!" என்று ஊருக்கே கேட்கும்படி கூவினார். பக்கத்து நாற்காலிப் பெண்மணி முகம் சுளித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே ராகத்தில் வேறொரு கூவலை எனக்குத் தெரியும்: "அ வொத்தே!" ஓட்டுச்சாவடியில் கவர் பெட்டிக்குள் விழுந்ததும் பிரெஞ்சில் கூவுவது; ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம்.

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. என் அப்பா அந்த நாட்டு ராணுவத்தில் இருந்தவர். அவரிடமிருந்து எனக்கு வந்தவை குடியுரிமையும் சொத்தைப் பல்லும்தான், பாஷை வரவில்லை. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று தனியாகப் பிரதிநிதிகள் உண்டு. அவர்களைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஓட்டு. ஓட்டுப் போடுகிறவர்கள் சொற்பம் என்பதால், நிற்கிறவர் முக்கால்வாசி வீடுகளில் காப்பி குடித்துவிடலாம். என் சித்தப்பா ஒரு சின்னப் பட்டியலுக்குத் தலைவராக நின்றபோது அப்படித்தான் குடித்தார். வயிறு கெட்டது.

அப்போது நான் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சாயங்காலம் எண்ணெய் வாசனை போகாத கையோடு சித்தப்பாவின் நோட்டீஸை வீடு வீடாகக் கொடுப்பேன். நான் கொடுத்த நோட்டீஸ்களில் என் கட்டைவிரல் ரேகை இலவசம்.

மூலக்குளத்தில் லூர்து மதாம் வீடு கடைசி வீடு. ராணுவக்காரரின் மனைவி; கணவர் போய் வெகு நாளாகிவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருந்தார். தனக்குப் பதிலாக ஓட்டுப் போட என் பெயரை முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தார். சித்தப்பா அன்றைக்கே தன் நோட்டில் மதாம் பெயருக்கு நேரே டிக் அடித்துவிட்டார்.

தேர்தலுக்கு முந்தின நாள் மதாம் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, என் ஓட்ட எதிர்ல நிக்கிற அந்தப் பொண்ணுக்குப் போட்டுடு."

"மதாம், சித்தப்பா..."

"உங்க சித்தப்பா தங்கமான மனுஷன். நாலு தரம் வந்தாரு, நாலு தரமும் பேசிட்டுப் போனாரு. அந்தப் பொண்ணு ஒரு தரம் வந்துச்சு. என் பென்ஷன் பேப்பர வாங்கிட்டுப் போயி வேலைய முடிச்சிட்டு வந்துச்சு."

"அப்போ என் பேர ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"நீ மாத்திப் போட மாட்ட."

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் ஓட்டுப்பதிவு. கல்யாண வீடு மாதிரி இருந்தது. பழைய சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பாரீஸ் சென்ட்டும் மல்லிகையும் சேர்ந்து மணத்தன. வாசலில் சித்தப்பா என் தோளைத் தட்டினார்: "ரெண்டு ஓட்டுடா!"

ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு தாள்; வேண்டியதைக் கவரில் வைத்துப் போட வேண்டும். முதலில் என் ஓட்டு. திரைக்குள் போய், சித்தப்பாவின் தாளை நீலக் கவருக்குள் வைத்துப் பெட்டியில் போட்டேன். "அ வொத்தே!" பிறகு மதாமுக்காக மறுபடி திரைக்குள் போனேன். ஒரு கையில் சித்தப்பாவின் தாள், இன்னொரு கையில் அந்தப் பெண்ணின் தாள். எதைப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. வெளியே யாரோ இருமும்வரை நின்றேன். அந்தப் பெண்ணின் தாளைக் கவருக்குள் வைத்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

எண்ணி முடித்தபோது பட்டியல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பதவிகளில் கடைசி ஒன்று, ஒரே ஓட்டில் சித்தப்பாவின் கையை விட்டுப் போயிருந்தது.

"டிக் அடிச்சதுல ஒண்ணு கொறையுது. நம்மாளு ஒருத்தன் கவுத்துட்டாண்டா," என்றார். நோட்டைத் திறந்து பெயர் பெயராகப் பார்த்தார். அவருடைய விரல் அந்துவான் மாமாவின் பெயரில் நின்றது. தினமும் சாயங்காலம் சித்தப்பாவோடு இரும்புக் குண்டு உருட்டி விளையாடும் கூட்டாளி. எதிர்க் கட்சிப் பெண் அவருக்குத் தூரத்து உறவு. சித்தப்பாவுக்கு அது போதும். மறுநாளிலிருந்து சித்தப்பா விளையாடப் போகவில்லை. அந்துவான் மாமா இரண்டு தரம் வாசல்வரை வந்து, கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் தரம் அவர் முகத்தைப் பார்த்ததும் நான் பின்வாசல் வழியாக நழுவிவிட்டேன்.

சொல்லிவிடலாம். ஆனால் ரகசியம் என்னுடையதல்லவே. மூலக்குளத்துக்கு சைக்கிளை மிதித்தேன். மதாம் கேட்டுவிட்டு, "போய்ச் சொல்லு. நான் என்ன, திருட்டு ஓட்டா போட்டேன்?" என்றார்.

சாயங்காலம் நான் திரும்பியபோது சித்தப்பா சவரம் செய்துகொண்டிருந்தார். ஓட்டையும் மதாமின் பேப்பரையும் பற்றிச் சொன்னேன். கத்தி பாதிக் கன்னத்தில் நின்றது.

"உன் ஓட்டு?"

"உங்களுக்குத்தான்."

"அந்தம்மாவுக்கு என்ன பேப்பராம்?"

"பென்ஷன் பேப்பர். உங்ககிட்டதான் மொதல்ல சொன்னாங்களாம்."

கத்தியைத் தண்ணீரில் அலசினார். "ஞாபகமே இல்லடா," என்றார். மீதிக் கன்னத்தை மழித்து, சட்டை போட்டு, குண்டுப் பையை எடுத்துக்கொண்டு அந்துவான் மாமா வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. இருட்டும்வரை குண்டுகள் மோதும் சத்தம் கேட்டது. என்னோடு சரியாகப் பேச அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனால் ஞாயிறு பூசை முடிந்ததும் மூலக்குளம் போய், "ஏதாவது பேப்பர் இருக்கா?" என்று மதாமைக் கேட்பார். இல்லையென்றாலும் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்.

மதாம் காலமாகிவிட்டார். சித்தப்பாவை மகள் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டாள். அந்துவான் மாமாவும் பிள்ளைகளோடு போய்விட்டார். அவர் வீடு இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. இந்த நாளில் ஓட்டைப் போனிலேயே போட்டுவிடலாம். போன தேர்தலில் நானும் பட்டறையில் நின்றபடியே போட்டேன். பட்டியல்களில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு யாராவது ஒரே ஓட்டில் தோற்றால், யார் கவிழ்த்தது என்று எவரும் எவரையும் சந்தேகப்படப் போவதில்லை. சந்தேகப்படுவதற்காவது ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டுமே.