முப்பத்தொரு லிட்டர் யாருடையது?

அடி அண்ணாமலையில் ஆதிலட்சுமியும் அவள் ஓரகத்தி தமிழ்செல்வியும் ஒரே சுவரின் இரு பக்கமும் வேறு வேறு கம்பெனிக்காக ஊராரிடம் பால் எடுக்கிறார்கள். பாகம் பிரித்த நாளிலிருந்து பேச்சு கிடையாது. சொல்ல வேண்டியதை அவரவர் மாட்டைப் பார்த்துச் சொல்வார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும். படுத்த படுக்கையாக இருக்கும் அவர்கள் மாமியாரைக் கவனிக்கும் நர்ஸாக நான் தினமும் போவதால் இரண்டும் என் காதில் விழும்.

ஆதிலட்சுமி நல்ல உழைப்பாளி. ஆனால் தமிழ்செல்விக்குப் புதிதாக ஒன்று வந்தால் இவளுக்குச் சோறு இறங்காது. சென்ற மாதம் அங்கே ஒரு சின்ன புளூடூத் பெட்டி வந்தது. அதைத் தராசில் சொருகிவிட்டால், வாசலில் நிறுக்கும் பாலின் எடை உள்ளே கம்ப்யூட்டரில் ஏறிச் சீட்டு வந்துவிடும். ஒயர் வேண்டாம். ஆதிலட்சுமி வாசலில் மட்டும் ஒயர் குறுக்கே கிடந்தது. அவளிடம் அதிகம் பால் ஊற்றும் இருசப்பன் அதில் தடுக்கிக் கேனோடு விழுந்தார்.

"இன்னொரு வாட்டி விழுந்தா அந்தப் பக்கம் போயிடுவேம்மா."

அன்றே டவுனுக்குப் போனாள். ஓரகத்தி வாங்கிய அதே கடை, அதே பெட்டி. தப்பு அங்கேதான். மறுநாள் காலை கம்ப்யூட்டரில் பெட்டியைத் தேடினால் ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. தமிழ்செல்வி தராசைப் போட்டிருந்தாள், கம்ப்யூட்டரை இன்னும் போடவில்லை. இவள் முதலில் இருந்த பெயரை அமுக்கி, கடைக்காரர் சொன்ன நம்பரைப் போட்டாள். சேர்ந்துவிட்டது. நான் மாத்திரை டப்பாவில்கூடப் பெயர் எழுதி ஒட்டுவேன்.

இருசப்பன் கேனை வைத்தார். தராசில் பதினெட்டு லிட்டர். கம்ப்யூட்டரில் முப்பத்தொன்று.

"என்னம்மா, நான் மாடு வளக்கறனா, ஆனை வளக்கறனா?"

சுவருக்கு அப்பால் தமிழ்செல்வி தன் மாட்டிடம் கத்தினாள். "எடையே ஏற மாட்டேங்குதுடி! யாரோ என் பெட்டிய புடிச்சிக்கினாங்க!"

ஆதிலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. திரையில் ஓடுவது ஓரகத்தியின் எடை. உடனே இணைப்பை விட்டிருக்கலாம். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"யாரு அந்த முப்பத்தொண்ணு ஊத்துறது?"

"நான் பால் ஊத்த வந்தனா, உன்கூட வேவு பாக்க வந்தனா?" இருசப்பன் கேனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அங்கேயும் சீட்டு வரவில்லை. தெருவில் நின்று இரைந்தார். "ரெண்டு பேரும் பேசித் தொலைங்க! பால் திரிஞ்சிடும். இல்லன்னா டீக்கடையில ஊத்திட்டுப் போறேன்!"

ஆதிலட்சுமி மாட்டிடம் போனாள். "கேட்டுக்கடி, நான் விட்டுட்டேன். அந்தப் பெட்டிய ஒரு நிமிஷம் புடுங்கி வைக்கச் சொல்லு. என்னுத சேத்துக்கறேன்."

அந்தப் பக்கம் தமிழ்செல்வி தன் மாட்டிடம் பதில் சொன்னாள். "புடுங்கிட்டேன்னு சொல்லுடி. எட்டிப் பாத்தது போதும்னும் சொல்லு."

இப்போது ஒரே பெயர்தான் வந்தது. ஆதிலட்சுமியிடமே திரும்பி வந்த இருசப்பனுக்குச் சரியான சீட்டும் வந்தது. அதை மடித்துக்கொண்டே, "முப்பத்தொண்ணு எங்க பங்காளி சடையன்துதான். அங்க டீ குடுக்கறாங்களாம்" என்றார்.

மறுநாள் ஆதிலட்சுமியின் தராசுக்குப் பக்கத்தில் டீயும் இருந்தது, சுடச்சுட வடையும் இருந்தது. இருசப்பன் இரண்டு டம்ளர் குடித்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சடையனின் கேன் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.