ஜொஹராவின் நாற்பத்திரண்டாம் பக்கம்

வார்ப்பிரும்புத் தோசைக்கல்லைத் தூக்கிப் பிடித்து, விரல் கணுவால் தட்டி, காதருகே கொண்டுபோய்க் கேட்கிறார் ஜொஹரா. இது ஆறாவது கல். கடைக்காரர் ரிஃபாய் இதற்குள் இரண்டு பேருக்கு வியாபாரம் முடித்து அனுப்பிவிட்டார்.

"தோசைக்கல்லு வாங்க வந்தீங்களா, கச்சேரி கேக்க வந்தீங்களா லாத்தா?"

"விரிசல் இருந்தா கணீர்னு சத்தம் வராது தம்பி. இத யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். வாங்குவது அபூர்வம்.

கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் பதினாறு வருஷம் தரம் பார்த்துவிட்டுக் காரைக்காலுக்கே திரும்பி வந்தவர். உலோகத்தை உருக்கி வார்த்த சாமான்களை வாங்குகிறவர்களுக்கும், அவற்றுக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கும் வீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறார். மேசை முழுக்க இரண்டாய் அறுத்த பம்பு உடல்களும் வால்வுகளும். உள்ளே பார்த்தால் புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி ஓட்டை. ஒவ்வொன்றையும் மரியாதையோடுதான் அறிமுகப்படுத்துவார்: "இவரு மூலைய கூர்மையா வரைஞ்சதால வெடிச்சவரு."

வகுப்பில் சொன்னதையெல்லாம் ஒரு கையேடாகவும் போட்டிருக்கிறார். அதில் அவருக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மாடியேறி வருகிறவர்களுக்கு டீக்கு முன்னால் கையேடு வந்துவிடும்.

போன வாரம் பூவத்திலிருந்து கதிரவன் வந்தார். பழைய மாணவர்; பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்க்கிறவர். அந்தக் கம்பெனி முந்நூறு கையேடு கேட்டிருந்தது. அவ்வளவு பெரிய ஆர்டர் ஜொஹராவுக்கு இதுதான் முதல்; கட்டுகள் தயாராக இருந்தன. ஆனால் கதிரவன் அன்று வந்தது கோபத்தில். உப்புத் தண்ணீரைத் தாங்கட்டும் என்று வெண்கலத்தில் வார்க்கக் கொடுத்த பம்பு உடல், இரண்டு மில்லிமீட்டர் சிறுத்து வந்துவிட்டதாம்.

"வார்க்குறதுக்கான மர மாதிரிய நான்தான் செஞ்சு குடுத்தேன். எல்லாம் உங்க புத்தகத்துல உள்ள கணக்கு மேடம். ஃபவுண்டரிக்காரருதான் எதுவோ பண்ணியிருக்காரு. பத்து வருஷப் பழக்கம், நாளையோட நிறுத்திடப் போறேன்."

ஜொஹரா நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்தார். உலோகம் ஆறும்போது எவ்வளவு சுருங்கும், அதற்கு மர மாதிரியை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்கிற அட்டவணை. இரும்புக்கான அட்டவணை. அந்தச் சங்கதி பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. வெண்கலம் இரும்பைவிட அதிகம் சுருங்கும். "யா அல்லாஹ்" என்றார். முகம் தொங்கிப் போயிற்று.

அடியில்தான் போட்டிருக்கிறேனே, படிக்காதது உங்கள் தப்பு என்று சொல்லிவிடலாம். ஆர்டரும் கையை விட்டுப் போகாது. ஃபவுண்டரிக்காரர் யாரோ, எவரோ. அந்த வரியைக் கண்ணாடி போட்டு ஒரு தரம், கழற்றி ஒரு தரம் படித்துப் பார்த்தார்.

"அந்த மனுசர் மேல தப்பில்ல தம்பி, எம்மேலதான். நாலு பேரு படிக்கணும்னு எழுதிட்டு, முக்கியமானத ஒளிச்சு வச்சிருக்கேன். இப்பவே அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

கதிரவன் அசடு வழியப் பேசினார். மறுமுனையில் ஃபவுண்டரிக்காரர் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

"அப்ப இந்த முந்நூறையும் என்ன பண்றது மேடம்?"

ஜொஹரா ஒரு கட்டைப் பிரித்தார். முதல் கையேட்டை எடுத்து, அட்டவணையின் தலைமேல் 'இரும்புக்கு மட்டும்' என்று சிவப்பில் பட்டையாக எழுதினார். கீழே வெண்கலத்தின் கணக்கையும் போட்டார். பிறகு மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியோடு இன்னொரு சிவப்புப் பேனாவையும் கதிரவன் பக்கம் நகர்த்தினார்.