படத்தில் வைத்த விரல்

எனக்கு ஒரு நோய் இருக்கிறது. நான் நினைத்த நேரத்தில் அல்ல, அது நினைத்த நேரத்தில் தூங்கிவிடுவேன். நார்கோலெப்சி என்றார் டாக்டர். எங்கள் அப்பா அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். போத்தனூரில் தனிக்குடித்தனம், அதாவது நான் மட்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கியவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது சோமனூரில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருத்திதான்.

தூக்கத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்த நோயில் அதைவிட மோசமான ஒன்று உண்டு. வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் விட்டுப்போகும், தாடை தொங்கும், பேச்சு வராது. நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். அதற்குப் பயந்தே சிரிப்பு வருகிற இடத்தில் நிற்கமாட்டேன். அச்சகத்தில் என்னை உம்மணாமூஞ்சி என்பார்கள்.

அக்கா மகள் கல்யாணத்தில் தாய்மாமன் நான்தானே. மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை ‘வாங்க’ என்று கேட்கும் வேலை எனக்கு. கொங்கு நாட்டில் ஒருவருக்குச் சோறு போடாமல்கூட இருந்துவிடலாம், வாங்க என்று கேட்காமல் விட்டால் பேரன் காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. மாப்பிள்ளையின் அப்பா சொந்தபந்தத்தோடு வந்து இறங்கினார். கஞ்சி போட்டு விறைத்து நின்ற என் புதுச் சட்டையைப் பார்த்தார். “ஏனுங்க, சட்டை மட்டும் நிக்குது, உள்ள ஆளக் காணோமுங்களே” என்றார்.

சிரித்துவிட்டேன். மனசு நிறைந்த நாள், அடக்க முடியவில்லை. கால் மடங்கி நாற்காலியில் சரிந்தேன். வாய் தொங்கிப்போய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நாக்கு எழவில்லை. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது.

“சம்பந்திய ஒரு வாங்க கேக்க உனக்கு வாய் வரலையா? குடிச்சுப்போட்டா வந்து நின்னே?” என்றாள் அக்கா. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவளிடமிருந்து போன் இல்லை. டாக்டர் எழுதித் தந்த காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். “தூங்கறதுக்கெல்லாமா சீட்டு எழுதித் தாராங்க?” என்று வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் பக்கம் படம் எடுத்துக் காட்டினால்தான் நோய். அதனால், இந்த நோய் உள்ளவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், வருகிறீர்களா என்று கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டபோது உடனே சரி என்றேன். விஞ்ஞானத்துக்கு உதவுகிற ஆசையெல்லாம் இல்லை. அக்காவுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கேன் குழாய்க்குள் படுத்ததும் டகடகவென்று அடித்தது. விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு அது தாலாட்டு மாதிரி இருந்தது, தூங்கிவிட்டேன். படம் எடுத்த பையன், “இத்தனை பேர்ல துளிகூட ஆடாம கெடந்தது நீங்க ஒருத்தருதானுங்க” என்றான். தூங்கியதற்காக நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவிடம், நோய் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன்.

“உங்க படத்தைப் பார்த்தா எல்லாரோட மூளை மாதிரியேதாங்க இருக்குது” என்றார். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிற செல்கள் மூளையின் அடியில் மிகச் சின்ன இடத்தில் இருக்கின்றனவாம். எனக்கு அவை அழிந்துபோயிருக்கலாமாம். என்னைப் போலப் பலரின் படங்களையும் நோயில்லாத பலரின் படங்களையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டால்தான் அங்கங்கே லேசான மெலிவு தெரியுமாம். “ஒருத்தர் படத்துல விரல் வெச்சு இதுதான்னு காட்ட முடியாதுங்க. அதுக்காக உங்களுக்கு நோய் இல்லைன்னு அர்த்தமில்லை.”

கூட்டத்தில் கலந்தால்தான் தெரியும் நோய், கூட்டத்தில் நிற்கவே பயப்படுகிற எனக்கு வந்திருக்கிறது. படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிறு சோமனூர் பஸ் ஏறினேன்.

அக்கா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “எங்கிருக்குது?” என்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். சத்தியமாக. ஆனால் அந்தக் கேள்வியில் இரண்டு வருஷம் கழித்து என் அக்காவின் பழைய குரல் இருந்தது. எது எந்த இடம் என்றே தெரியாமல், நடுவில் கறுப்பாகத் தெரிந்த ஒன்றின் மேல் விரலை வைத்தேன். “இதாங்க்கா” என்றேன்.

அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “இத்தன பெரிசா வெச்சுக்கிட்டு ஏங்கண்ணு சொல்லாம இருந்தே?” என்று கேட்டாள். அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தாள். சம்பந்திக்கு அவளே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அடுத்த வாரம் அவர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக என் வீட்டுக்கே வந்து, தப்பா நெனச்சுப்போட்டோமுங்க என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கூசிப்போயிற்று.

இப்போது அக்கா தினமும் காலையில் கூப்பிடுகிறாள். மாத்திரை போட்டாயா, படத்தில் பார்த்தது கரைகிறதா என்று கேட்கிறாள். அது கரையவேண்டும் என்று கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாள். என் தூக்கத்தைப் பற்றியோ, சிரித்தால் கால் விட்டுப்போவதைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்தக் கறுப்பைத்தான் கேட்கிறாள்.

போன வாரம், “மறுபடியும் ஒரு படம் எடுத்துப் பாத்துரலாம் கண்ணு. நானும் கூட வாரேன், டாக்டரம்மாகிட்ட நானே கேட்டுக்கறேன்” என்றாள். இத்தனை வருஷத்தில் எனக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

“வேண்டாங்க்கா, நானே போய்க்குவேன்” என்றேன்.