அண்ணனை வீட்டில் வைத்துக்கொண்ட குற்றம்

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, மருத்துவமனைச் செலவு முழுவதையும் அவர் வேலை பார்த்த அரசு நிறுவனமே கொடுத்தது. ஓய்வுபெற்றவர்களுக்கென்று அங்கே ஒரு மருத்துவத் திட்டம் இருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அதை வாயாரப் புகழ்ந்தேன். அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் என் புகழ்ச்சி நின்றுபோனது.

அண்ணி இறந்து பல வருடம். ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்பா விட்டுப்போன வீட்டில் நானும் அண்ணனும் மட்டும்தான். நான் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை வைத்தேன். கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்ட் வந்து போனார். அண்ணன் மெல்லத் தேறினார். பேச்சு குழறியது, ஆனாலும் சாம்பாரில் உப்பு போதாது என்பதை எல்லோருக்கும் புரியும்படியே குழறினார். இடது கையால் கரண்டி பிடித்துத் தானே சாப்பிட்டார்.

இந்தச் செலவையும் திட்டத்தில் கேட்கலாமென்று அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மரியாதையானவர். காபி வரவழைத்தார்.

“வீட்டுல ஆள் வச்சுப் பாத்துக்கிட்டா அது ட்ரீட்மென்ட்ல சேராது மேடம். நர்சிங் ஹோம்ல அட்மிட் பண்ணிடுங்க. மாசக்கணக்கா இருந்தாலும் பில் பாஸ் பண்ணிடுவோம்.”

“அதுக்கு இதைவிட எத்தனையோ மடங்கு ஆகுமே சார்?”

“ஆகட்டும் மேடம். ரூல் அப்படித்தான்.”

என் சம்பளத்தை வைத்துக்கொண்டு இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். முடியவில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே ஹெப்பகோடிப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தேன். ஆரம்பத்தில் நான் போகும்போதெல்லாம், “வீட்டுக்கு எப்போ?” என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அவர் மூக்கில் குழாய் இருந்தது. குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க இடது கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். அவருக்கு மிச்சமிருந்த ஒரே கை அது.

“நல்லாத்தானே சாப்பிட்டுட்டு இருந்தாரு? எதுக்கு டியூப்?” என்றேன் நர்சிடம்.

“ரொம்ப மெதுவா சாப்பிடறாரு மேடம். ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உட்கார்ந்து ஊட்ட எங்க கிட்ட ஆள் இல்ல. டியூப்னா சட்டுனு முடிஞ்சிடும்.”

அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்டு முழுவதற்கும் அவள் ஒருத்திதான். கட்டை அவிழ்த்தேன். மணிக்கட்டில் துணியின் தடம் சிவந்திருந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டு, அன்றே அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் குடும்ப டாக்டர் வந்து பார்த்தார். விழுங்குவதில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிக் குழாயை எடுத்தார். முதலில் கஞ்சி, பிறகு குழைந்த ரசஞ்சாதம் என்று அண்ணன் திரும்பவும் கரண்டியைப் பிடிக்கப் பல வாரங்கள் ஆயின. எனக்கு விடுப்பு தீர்ந்துபோனது. ஆள் வைக்கவும் பணமில்லை. வேலையை விட்டுவிட்டு நானே அவரைப் பார்த்துக்கொண்டேன்.

மறுபடி அலுவலகம் போனபோது சக்கர நாற்காலியில் அண்ணனையும் கூட்டிப் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அதிகாரி உருகிப்போனார்.

“தங்கச்சின்னா இப்படி இருக்கணும் சார். நீங்க குடுத்து வச்சவர்” என்றார் அண்ணனிடம்.

வேலை பார்த்த காலமெல்லாம் அண்ணன் அந்த அலுவலகத்தில் கன்னடம்தான் பேசியிருக்கிறார். அன்றும் அதுவே வந்தது. ஒவ்வொரு சொல்லாக, எச்சில் வழிய, சொன்னார்: “கை கட்டித்ரு. நீவு துட்டு கொட்ரி.”

கையைக் கட்டினார்கள், அதற்கு நீங்கள் பணம் கொடுத்தீர்கள்.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். உண்மையிலேயே எழுதினார். பதிலும் வந்தது: வீட்டுப் பராமரிப்புக்கு விதியில் இடமில்லை, நோயாளியை மீண்டும் நர்சிங் ஹோமில் சேர்த்தால் முழுச் செலவும் தரப்படும்.

அதாவது, அவரைக் கட்டிப்போட்டு வைக்கப் பணம் இருக்கிறது. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தன் கையால் சாப்பிடுவதற்குத்தான் இல்லை.

சர்ச்சுக்குப் போனால் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னைமாதிரி யாரு பாப்பாங்க?” என்கிறார்கள். முன்பெல்லாம் சிரித்து வைப்பேன். போன வாரம் சிரிக்கவில்லை.

“என்னை மெச்ச வேணாம்க்கா. நான் செய்யற வேலைக்கு நர்சிங் ஹோம்ல சம்பளம் குடுக்கறாங்க. இங்கே அதுக்குப் பாசம்னு பேரு வச்சுட்டாங்க” என்றேன்.

அவர்களில் ஒரு அக்கா, படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் வீட்டுக்காரரும் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான் என்றார். வரும் திங்கட்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த அலுவலகத்துக்குப் போகிறோம்.