தீனி தின்ற ஆடு

கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டு ஹபீஸின் பின்முற்றத்தில் குந்தியிருந்து, ஆட்டின் இடப்பக்க வயிற்றை விரல்களால் அழுத்திப் பார்த்தார் நமசிவாயம். மத்தளம்போல் இறுகியிருந்தது.

"இதுக்குத் தீனி குடுத்தது யாரு?"

"நான்தான் குடுத்த," என்றார் ஹபீஸ், பெருமையாகவே. "ராவைக்குப் பலா இலையும் புண்ணாக்கும். விடிய சுபஹு தொழுதுட்டு வந்து ஒரு றாத்தல் பாண். கத்தி வைக்கப்போற சீவனப் பசியில வைக்கலாமா? ஹஜ்ஜுக்கு வாற ஆட்டுக்கும் நாங்க அப்பிடித்தானே செய்ற."

"இது அறுக்கிற ஆடு இல்ல, ஹபீஸ் நானா. மயிர் வெட்டுற ஆடு."

"ரெண்டும் கத்திதானே!"

நமசிவாயம் சிரிக்கவில்லை. மருதானையில் கதிரை மெத்தைக்கு ஸ்பொஞ்ச் வெட்டும் அறுபத்து மூன்று வயதுக்காரர் அவர். அதற்கு முன் பதினான்கு வருடம் மலைநாட்டுப் பண்ணை ஒன்றில் செம்மறி ஆட்டுக்குக் கம்பளி கத்தரித்தவர். பண்ணை மூடிக் கிடக்கிறது. அதன் பக்கத்துக் கிராமத்தார் சேர்ந்து பண்ணையின் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு சிறு நூதனசாலை வைத்திருக்கிறார்கள். அதை நடத்தும் அனுஷியாதான் ஆட்டை முதல்நாள் மாலை லொறியில் இறக்கியிருந்தாள். மூச்சு வருத்தத்தோடு நமசிவாயம் மலைக்குளிருக்குப் போகக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டதால், ஆடு அவரைத் தேடி வந்தது. அவர் கத்தரிப்பதைப் படம் பிடிக்க வேண்டும். கத்தரித்தவர்களில் உயிரோடிருப்பவர் அவர் ஒருவர்தான்.

ஆட்டைக் குண்டியில் உட்கார வைத்து, முழங்கால்களுக்கு இடையில் சாய்த்துப் பிடித்துத்தான் கத்தரிக்க வேண்டும். வயிறு நிரம்பியிருந்தால் அந்தப் பாரம் நெஞ்சை நெரிக்கும். அதனால் முதல்நாள் மதியத்தோடு தீனியை நிறுத்திவிடுவார்கள். பண்ணையில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. எல்லாருக்கும் தெரிந்திருந்ததாலேயே, அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அனுஷியா ஒரு மாதமாகப் போனில் கேட்டு எழுதிக்கொண்டாள். கத்தரியின் பெயர், சாணை பிடிக்கும் கல், கம்பளியைச் சுருட்டும் விதம் எல்லாம் அவள் கொப்பியில் இருந்தன. இது இல்லை.

"நாளைக்கு வைப்போம், புள்ள," என்றார், கமெராவோடு நின்ற அனுஷியாவிடம்.

"ஆட்ட ஏத்துற பெர்மிட் இன்னைக்கு மட்டுந்தான், மாமா. ரெண்டு மணிக்குள்ள லொறி கிளம்பணும். இந்த வெக்கையில இன்னொரு நாள் இதால தாங்க ஏலாது." அவள் குரல் தாழ்ந்தது. "அஞ்சு நிமிஷம் உக்கார வச்சிங்கன்னா போதும்."

"அஞ்சு நிமிஷம் போதுந்தான். சாகிறதுக்கு."

அவர் அதைக் கண்டவர். தொண்ணூற்று நான்கில் பண்ணைக்கு விருந்தினர் வந்தார்கள். பட்டினி போடாத ஆட்டை இழுத்துவந்து மயிர் வெட்டச் சொன்னார் மேற்பார்வையாளர். வெட்டினார். ஆடு இரண்டு தரம் உதைத்தது, பிறகு நமசிவாயத்தின் மடியிலேயே கனத்துப் போனது. நோயில் செத்தது என்று எழுதினார்கள். அவரும் மறுக்கவில்லை. பயம் என்று அதற்குப் பெயர் வைக்கலாம், வேலை போய்விடும் என்ற கணக்கு என்றும் வைக்கலாம். அவர் இரண்டையும் சொல்வதில்லை.

"அப்ப எங்ககிட்ட கத்தரி மட்டுந்தான் மிஞ்சும்," என்றாள் அனுஷியா. "கண்ணாடிக்குள்ள."

நமசிவாயம் எழுந்தார். "நிக்க வச்சு வெட்டுறேன். முன்னப்பின்ன செஞ்சதில்ல. தோல் மடிஞ்சு கத்தரிக்குள்ள வரும். நானா, தலையப் பிடிங்க. கழுத்த இறுக்க வேணாம்."

"ஆடு பிடிக்க எனக்குப் படிச்சுத் தாறீங்களா?" என்று ஹபீஸ் முனகினார். ஆனால் மெதுவாகத்தான் பிடித்தார்.

இடது கையால் தோலை இழுத்து இழுத்து விரித்துக்கொண்டு வெட்டினார். ஸ்பொஞ்சுக்குப் பழகிய கை அழுத்தமாகப் போகப் பார்த்தது, அதைத் தடுக்கவேண்டியிருந்தது. தோளருகே தோல் மடிந்து ஒரு நூல் அளவு இரத்தம் வந்தது. ஹபீஸ் "யா அல்லாஹ்" என்றார். அனுஷியா கமெராவை இறக்கினாள்.

"இறக்காத. இதையும் புடி."

ஒரு பக்கம் முடிய முக்கால் மணித்தியாலம் ஆனது. பண்ணையில் அந்த நேரத்தில் எட்டு ஆடு முடித்திருப்பார். மறுபக்கம் திரும்பும்போது ஆடு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. கத்தரியைக் கீழே வைத்தார்.

"இன்னும் கொஞ்சம், மாமா... பாதி ஆட்ட எப்பிடிக் காட்டுறது?"

"பாதியாவே காட்டு. ஏன் பாதின்னு நான் சொல்றேன்." கமெராவைப் பார்த்தே பேசினார். தீனி நிறுத்துவதைச் சொன்னார். அதைச் சொல்ல மறந்தது தான் என்றார். பிறகு தொண்ணூற்று நான்கைச் சொன்னார். "நோய் இல்ல. நான் வெட்டினதாலதான் செத்துச்சு."

வெட்டிய பக்கத்தில் குளிர் படாமலிருக்கச் சாக்கு ஒன்றைக் கட்டி ஆட்டை ஏற்றினார்கள். லொறி போன பிறகும் அவர் வேலைக்குப் போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹபீஸ் வீட்டுப் படியிலேயே இருந்தார். வயிறு இறுகின ஆடு அசை போட ஆரம்பித்தால்தான் பயம் தெளியும். ஹபீஸ் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறியது.

நாலரைக்கு அனுஷியாவின் அழைப்பு வந்தது. மலையேறும் வழியில் கினிகத்தேனைக்கு வந்துவிட்டார்களாம்.

"என்ன செய்யுது?"

"படுத்திருக்கு, மாமா."

"படுத்து?"

அவள் லொறியின் பின்பக்கம் போய்ப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"அசை போடுது."

அவர் போனை வைத்துவிட்டு, ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.