பாபிலோனில் எக்காளம் ஊதினவன்

பாபிலோன் ராஜா பொற்சிலை நிறுத்தின கதை நம் ஜனங்களுக்குத் தெரியும். எக்காளச் சத்தம் கேட்டதும் எல்லாரும் தரையில் விழ வேண்டும். விழாதவனுக்கு நெருப்புச் சூளை. மூன்று எபிரேய வாலிபர்கள் விழவில்லை. நெருப்பும் அவர்களைத் தொடவில்லை. சரி, அந்த எக்காளத்தை ஊதினவன் விழுந்தானா? அவன் ஊதிக்கொண்டல்லவா நின்றிருப்பான்!

இப்படி ஒரு கேள்வி கடல் தாண்டி, ஈப்போ பக்கம் லகாட்டுக்கு மேற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில், அடுப்படியில் பிறந்தது. கேட்டவள் கெர்ட்ரூட், நிறைமாதக் கர்ப்பிணி. கேட்கப்பட்டவர் அவள் புருஷன் லியோனார்ட்.

லியோனார்டுக்கு முப்பது வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து மாதா கோவில் பேண்டு வாத்தியத்தில் வாசிக்கப் பழகியவர். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது மாற்று வேட்டியை மறந்தாலும் பித்தளை எக்காளத்தை மறக்காமல் கொண்டுவந்தவர். விடியலில் பால் வெட்டுவார். சாயங்காலம் கல்யாணமோ கருமாதியோ, மாரியம்மன் திருவிழாவோ, ஈப்போ மாதா சப்பரமோ, எங்கே கூப்பிட்டாலும் போய் ஊதுவார். தப்படிக்கும் மாயாண்டி அவருக்கு ஜோடி. இருவரும் சேர்ந்தால் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்கூட ஓடி வருவார்கள்.

அவரிடம் இன்னொன்றும் உண்டு. அவர் வெட்டும் மரத்தில் காயம் இராது. கத்தி ஒரு நூல் ஆழமாய்ப் போனாலும் மரம் காயப்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். மற்றவர்கள் வெட்டும் மர நிரையில் அப்படிக் காயம் எத்தனையோ.

"வெள்ளைக்காரன் மரந்தானே மச்சான், முண்டு விழுந்தா ஒனக்கென்ன?" என்பான் மாயாண்டி.

"மரம் வெள்ளைக்காரனோடது. கை சர்வேசுரன் குடுத்தது" என்பார் இவர்.

தானியேலைச் சிறைபிடித்துப் போனதும் அந்நிய ராஜாதான்; அந்த ராஜாவுக்கே தானியேல் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்தான். ராஜாவுக்கு உழைப்பு, சர்வேசுரனுக்கு முழங்கால். சின்ன வயதில் ஊர் மாதா கோவிலில் ஞானோபதேசம் நடத்திய வேதியர் சொன்ன அந்த ஒரு கதையை வைத்துக்கொண்டே லியோனார்ட் கடல் தாண்டிப் பிழைத்தார். அதற்குத்தான் வந்தது சோதனை!

லண்டனிலிருந்து கம்பெனித் தலைவரின் ஆளுயரப் படம் ஒன்று வந்து இறங்கியது. ஆபீஸ் வாசலில் அதைத் திறந்துவைக்கத் துரை நாள் குறித்தார். துரை கேட்டது அவ்வளவுதான். ஆனால் கங்காணி சதாசிவத்துக்குப் பெரிய கங்காணி ஆக வேண்டும் என்று ஆசை. மாலை, சூடம், தேங்காய், தரையில் விழுந்து கும்பிடு எல்லாவற்றுக்கும் அவரே ஏற்பாடு செய்துவிட்டு லியோனார்டைக் கூப்பிட்டார்.

"டேய், நல்லாக் கேட்டுக்க. நீ ஊத ஆரம்பிச்சதும் ஜனம் பூரா விழும். ஊதி முடிச்சதும் நீயும் விழணும். நீ விழுந்து எந்திரிச்சப்புறந்தான் அவங்க எந்திரிக்கணும்."

"ஊதுறேன் கங்காணியாரே. சலாமும் போடுறேன். விழ மட்டும் சொல்லாதீங்க."

"ஏன், ஒங்க கோவில்ல மாதா சுரூபத்துக்கு முன்னால முட்டி போடுறியே, அப்ப வலிக்கலையா?"

"அது மேல இருக்கிற தாயை நெனச்சுப் போடுறது. இது ஆரை நெனச்சு?"

"ஒன் சோத்தை நெனச்சுடா! விழலேன்னா மறுநாள் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல ஒன் பேரு இருக்காது. புள்ளத்தாச்சிப் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு லயத்தைக் காலி பண்ணு."

விழுந்தால் வீடு உண்டு, விழாவிட்டால் ரோடு. இந்த நிலையில்தான் கெர்ட்ரூட் அடுப்படியில் நிமிர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏங்க, பாபிலோன்ல எக்காளம் ஊதினவன் எப்படிங்க விழுந்திருப்பான்? ஊதுற மட்டும் நின்னுதானே ஆவணும்?"

லியோனார்ட் சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தார்.

"நீங்க ஊதி முடிக்காதீங்க. நம்ம துரைக்குப் பொறுமை எங்க இருக்கு? ரெண்டு நிமிசத்துல காரேறிப் போயிருவாரு. அப்புறம் ஆருக்கு முன்னால விழுறது?"

"அடி பாதகத்தி!" என்று சிரித்தார் லியோனார்ட். அந்தச் சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டதாம்.

படம் திறந்த அன்று நானும் அங்கே இருந்தேன். ஈப்போவில் வாத்தியார் வேலைக்கு வந்த புதிது. எங்கள் கிராமத்திலேயே முதல் பி.ஏ. என்று கேள்விப்பட்டு, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி என்னை விருந்தாளியாக அழைத்து ஆபீஸ் வராந்தாவில் நாற்காலியே போட்டிருந்தார். அதனால் நடந்ததை முன்வரிசையில் இருந்து பார்த்தேன்.

பால் நிறுவை முடிந்து, உச்சி வெயில். செம்மண் தரை தகதகவென்று கொதித்தது. துரை தொப்பியும் பிரம்புமாக வந்து துணியை இழுத்தார். முறுக்கிய மீசையோடு லண்டன் முதலாளி எங்களை முறைத்தார்.

"எங்க மாரியாத்தாளுக்கு விழலாம். இந்த மீசைக்கு எதுக்கு மச்சான் விழணும்?" என்று முணுமுணுத்தான் மாயாண்டி. கங்காணி திரும்பிப் பார்த்ததும் தப்பைத் தட்டினான்.

லியோனார்ட் எக்காளத்தை உதட்டில் வைத்தார். முதல் சத்தம் எழும்பியதும் காற்றில் சாய்ந்த லாலான் புல் மாதிரி சனம் முழுக்கத் தரையில் விழுந்தது. மாயாண்டியும் தப்பை ஓரம் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தான். நின்றது துரை, சூடத் தட்டேந்திய கங்காணி, ஊதிக்கொண்டிருந்த லியோனார்ட்.

ஊதினார் பாருங்கள், ஊதினார்! மாதா சப்பரத்துக்கு ஊதும் மெட்டு. ஒன்று முடிந்து இன்னொன்று. கன்னம் இரண்டும் பலூனாகி, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு விட்டாரா என்பதே தெரியவில்லை. துரை போகட்டும், துரை போகட்டும் என்று அவர் கண் காரையே பார்த்தது.

ஆனால் துரைக்குப் பாட்டுப் பிடித்துவிட்டது! பிரம்பால் பூட்ஸில் தாளம் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். கங்காணியின் தட்டில் சூடம் எரிந்து தீர, இன்னொன்று வைத்தார். அதுவும் தீர்ந்தது. தட்டுச் சூட்டில் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் கீழே பார்த்தேன்.

குழந்தைகள் வெயிலில் வீறிட்டு அழுதன. கட்டெறும்பு சாரிசாரியாக ஊர்ந்து கழுத்திலும் காதிலும் கடித்தது. விழுந்தவர்கள் எழ முடியாது. அவர் ஊதி முடிக்க வேண்டுமே! புல் வெட்டும் ராக்காயிக் கிழவி மண்ணிலிருந்து கத்தினாள்.

"அடேய் லியோனார்டு, நிப்பாட்டுடா! இடுப்பு செத்துப்போச்சு, மண்ணு வாயில ஏறுதுடா!"

லியோனார்ட் அவளைப் பார்த்தார். தான் விழாமல் நிற்க இத்தனை பேரும் விழுந்தே கிடக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மெட்டு பாதியில் அறுந்தது. எக்காளம் கீழே இறங்கியது.

கங்காணி பல்லைக் கடித்தார். "விழுடா."

அவர் விழவில்லை. எக்காளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துரைக்கு முறையாக ஒரு சலாம் போட்டார். பிறகு சனத்தைப் பார்த்து, "எல்லாரும் எந்திரிங்க" என்றார்.

முதலில் ராக்காயிதான் தலையைத் தூக்கினாள். மாயாண்டி அவளுக்குக் கை கொடுத்தான். பிறகு ஒவ்வொருவராக மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"இவன் கிறுக்கன், தொரை! தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய ஆளு!" என்று கூவினார் கங்காணி.

துரை பிரம்பை நிறுத்தினார். "நீ ஏன் விழல்லே?" அவருக்குத் தோட்டத்துத் தமிழ் வரும்.

"தொரைக்கு வேலை செய்யுறேங்க. வேலையில கொறை இருந்தா அடிங்க. விழுறது சர்வேசுரனுக்கு மட்டுந்தாங்க."

துரையின் முகம் சிவந்தது. கங்காணி சட்டென்று நுழைந்தார். "வேலையும் மோசந்தாங்க. மரம் பூராக் காயம்."

"அப்படியா? காலையில நான் பாக்கும். காயம் இருந்தா, பேர் வெட்டு."

இரவு கிராணி வீட்டிலேயே தங்கிய நான், மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவரோடு லியோனார்டின் நிரைக்கு ஓடினேன். கெர்ட்ரூட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு லயத்து வாசலிலேயே நின்றாள். பாத்திரங்களை ஏற்கெனவே கோணியில் கட்டிவிட்டிருந்தாள்.

துரை முதல் மரத்துக்கு வந்தார். வெட்டு அடிமரத்தில் முழங்கால் உயரத்தில் இருந்தது. குனிந்தால்தான் தெரியும். குனிந்தார். பட்டையை விரலால் தடவினார். சீவிய கோடு வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

"அடுத்தது பாருங்க தொரை" என்றார் கங்காணி.

அடுத்ததற்கும் குனிந்தார். அதற்கடுத்ததற்கும். தொப்பி கீழே விழுந்தது. எடுத்துக் கங்காணியிடம் கொடுத்தார். ஒரு மரத்துக்கு ஒற்றை முழங்காலே போட்டுவிட்டார். காயம் இல்லை. கங்காணி ஓடி ஓடி மரம் காட்டினார், ஒன்றிலும் இல்லை. நிரையின் கடைசிக்கு வந்ததும் துரை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். முழங்காலில் செம்மண்.

"சதாசிவம், உன் கண் மோசம்" என்றார். "இவன் பேர் இருக்கட்டும்."

அவர்கள் போனதுதான் தாமதம், மரத்துக்குப் பின்னாலிருந்து மாயாண்டி பாய்ந்து வந்தான்.

"மச்சான்! நீ அந்தப் படத்துக்கு விழல லா. துரையில்ல ஒன் மரத்துக்கு மரம் குனிஞ்சு எந்திரிச்சாரு!"

"சும்மா இருடா, காதுல விழுந்திரப் போவுது" என்றார் லியோனார்ட். சொன்ன வாய் சிரிப்பில் மூடவில்லை. "எங்க வீட்டுக்கு ஓடு. கோணியை அவிழ்க்கச் சொல்லு."

மாயாண்டி ஓடினான். லியோனார்ட் கத்தியை எடுத்துக்கொண்டு முதல் மரத்துக்குத் திரும்பி நடந்தார். வெயில் ஏறினால் பால் ஓடாது.