தேத்தண்ணிக்கு முந்திய குளிசை

உம்மா தைரொயிட் குளிசை குடிக்கத் தொடங்கிய காலத்தில் எங்கள் வீட்டில் அதற்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. விடியற்காலையில் சுபஹு பாங்கு கேட்டதும் வாப்பா எழும்பி, ஒரு கிளாஸ் தண்ணீரோடு குளிசையை நீட்டிவிட்டுப் பள்ளிக்குப் போவார். தொழுது, பள்ளி வாசலில் நின்று ஊர்க்கதையெல்லாம் கதைத்து, பேக்கரியில் பாணும் வாங்கிக்கொண்டு ஆறுதலாகத்தான் வருவார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர். அவர் வந்த பிறகுதான் வீட்டில் தேத்தண்ணி. அவர் இல்லாமல் உம்மா ஒரு மிடறு குடித்ததை நான் கண்டதில்லை.

இரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் அந்தக் குளிசை வாப்பாவின் சேர்ட் பையில் புத்தளம் கிளினிக் வரை பஸ்ஸில் வரும். அதை முன்கூட்டியே குடித்தால் ரிப்போட் ஆளை ஏமாற்றிவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இரத்தம் எடுத்து முடிந்ததும் அங்கேயே தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுப்பார். அந்த விடியற்காலைகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

வாப்பா மௌத்தாகி, உம்மா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருந்து முடித்து வெளிக்கிட்ட முதல் பயணமே கிளினிக்குக்குத்தான். ரிப்போட் ஏறிக் கிடந்தது. மருந்து போதவில்லை, கூட்ட வேண்டும் என்றார் டொக்டர். முன்பொருமுறை கூட்டியபோது நெஞ்சு படபடத்து, படுக்க முடியாமல் உம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருநாளும் குளிசை விடவில்லையே என்று நான் வாதாடினேன். டொக்டர் என்னை விட்டுவிட்டு, எதோடு குடிக்கிறீர்கள் என்று உம்மாவிடம் கேட்டார்.

பால் தேத்தண்ணியோடு என்றார் உம்மா. அப்படிக் குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, முன்பு இடைவெளி விட்டீர்களே என்றார் அவர்.

“முந்தி அவர் பள்ளியால வரும்வரைக்கும் பாத்துட்டு இருப்பன் டொக்டர். இப்ப யாரைப் பாத்துட்டு இருக்க?”

டொக்டர் மருந்தைக் கூட்டவில்லை. வெறும் தண்ணீரில் குடியுங்கள், தேத்தண்ணியை அரை மணித்தியாலமாவது பிந்திக் குடியுங்கள், சில வாரம் கழித்து மீண்டும் இரத்தம் பார்ப்போம் என்றார். போனில் அலாரம் வைத்துத் தருகிறேன் என்றேன். உம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த ரிப்போட் அதே மருந்தில் இறங்கியிருந்தது. அலாரம் இல்லாமல் எப்படி நேரம் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“குளிசையைப் போட்டுட்டு வாசல்ல இருப்பன், மகள். பள்ளிக்குப் போன ஆக்கள் ஒவ்வொருத்தரா வீட்டுக்குத் திரும்புவாங்க. கடைசி ஆளும் போனபொறகு, இனி அவர் வரமாட்டார்னு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்துவன்.”